இசை மேடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கிராமத்தில் மாதம் ஒருமுறை கூடி, பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டு, அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். ஒரு காலத்தில் நாற்பது பேர் வருவார்கள். இப்போது பத்துப் பேர் வந்தால் பெரிசு. அதிலும் இரண்டு மாமாக்கள்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் காபி குடித்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். பிள்ளைகளெல்லாம் பெங்களூருக்கும் துபாய்க்கும் போனதுதான் காரணம் என்கிறார்கள். சரிதானா?
(சாத்தபுரம், பாலக்காடு)

பதில்: பாதிதான் சரி. வெளியூர் போனவர்களை நீங்கள் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒருமுறையோ இருமுறையோ வந்துவிட்டு நின்றுபோனவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். வருகைப் பதிவு இல்லையென்றால் நினைவிலிருந்தாவது ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, "ஏன் வரவில்லை?" என்று கேட்காமல், "கடைசியாக வந்த அன்று எது பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "வேலை" என்றுதான் பதில் வரும். இரண்டாவதற்கு உண்மை வரும்.

பெரும்பாலும் வரக்கூடிய உண்மை ஒன்று உண்டு. யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி "இது பைரவிதானே?" என்று கேட்டிருப்பார். "முகாரிகூடத் தெரியாதா?" என்று நாலு பேர் முன்னால் பதில் கிடைத்திருக்கும். அதன்பின் அவர் வரமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் இனி வாயைத் திறக்கமாட்டார்கள்.

இத்தனைக்கும் அவர் கேட்டது நல்ல கேள்வி. இரண்டு ராகத்துக்கும் அவரோகணம், அதாவது ஸ்வரங்கள் இறங்கும் வரிசை, ஒன்றே: ஸ நி த ப ம க ரி ஸ, இறங்கும்போது சுத்த தைவதம் (தாழ்ந்த 'த'). ஏறும்போது இரண்டிலும் சதுச்ருதி தைவதம் (உயர்ந்த 'த'). வித்தியாசம் ஏறும் வழியில்தான். பைரவி ஸ ரி க ம ப த நி ஸ என்று படிப்படியாக ஏறும். முகாரி காந்தாரத்தை ('க') விட்டுவிட்டு ஸ ரி ம ப என்று தாவி, நி த ஸ என்று வளைந்து மேலே போகும். பாடகர் இறங்கிவரும் இடத்தில் காதைக் கொடுத்தவருக்கு இரண்டும் ஒன்றாகப் படுவது இயல்பு. "நீங்கள் கேட்டது இறங்கும் இடம், ஏறும் இடத்தைக் கேளுங்கள்" என்று சொல்லி, அந்தப் பகுதியை மறுபடி ஓட்டியிருந்தால் அன்று பத்துப் பேர் ஒரு விஷயம் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆகவே அடுத்த கூட்டத்தை இந்த இரண்டு ராகத்தை வைத்தே நடத்திப் பாருங்கள். மொத்தம் எண்பது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். முதல் மூன்று நிமிடம் தம்புரா மட்டும் ஒலிக்கட்டும், யாரும் பேசக்கூடாது. பாடத் தெரிந்த ஒருவர் இரண்டு ராகங்களின் ஆரோகண அவரோகணத்தை ஒரே சுருதியில் மூன்று முறை பாட, எல்லோரும் கூடப் பாடட்டும். இதற்குப் பத்து நிமிடம். பிறகு பெயர் சொல்லாமல் தியாகராஜரின் "கொலுவையுன்னாடே", அதையடுத்து "எந்தனினே". முதலாவது பைரவி, ஆதி தாளம். இரண்டாவது முகாரி, ரூபகம். நாற்பது நிமிடம் நீளும் பதிவாக எடுக்காதீர்கள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும்.

கேட்டு முடிந்ததும் உடனே பேச விடாதீர்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, எது எந்த ராகம், எந்த இடத்தில் தெரிந்தது என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம். சீட்டுகளைக் கலந்து ஒருவர் படிக்கட்டும். பேச்சு வரும்போது வயதில் சிறியவர் முதலில், ஞானஸ்தர்கள் கடைசியில். இந்த வரிசை மிக முக்கியம். பெரியவர் முதலில் பேசிவிட்டால் பிறகு பேச எதுவும் மிஞ்சாது. அவர் தப்பாகச் சொல்லியிருந்தாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். அந்த இரண்டு மாமாக்களிடமும் தனியாகப் போய், "கடைசிப் பதினைந்து நிமிடம் உங்களுடையது, பாடிக் காட்டி விளக்க வேண்டும்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் காதில் இருப்பது வேறெங்கும் கிடைக்காது.

ஒலிபெருக்கியையும் கவனியுங்கள். ஒரு கட்டை சுருதியில் மந்த்ர ஸட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி 'ஸ', சுமார் 65 ஹெர்ட்ஸ். கையடக்கமான புளூடூத் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மங்கிவிடும். தம்புராவின் அடித்தளமும் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்க) நாதமும் காணாமல் போகும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் மண்ணில் தொப்பி கேட்காத மிருதங்கத்தைப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ருசி இல்லை என்று சொல்வது நியாயமில்லை. பழைய மர ஸ்பீக்கர் ஒரு ஜோடி யார் வீட்டிலாவது தூங்கிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் வைத்தால் போதும்.

கேள்வி: குழந்தைகள் வர்ணம் வரை கற்றுக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கூட்டத்துக்கும் வருவதில்லை.
(கொல்லங்கோடு)

பதில்: கூட்டத்தில் அவர்களுக்கு வேலை இருக்கிறதா? தெரிந்த வர்ணத்தை முதல் ஐந்து நிமிடம் பாடட்டும், யாரும் திருத்தக்கூடாது. திருத்துவது குருவின் வேலை. ஒருவர் சுருதிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும், ஒருவர் தாளம் போடட்டும். பரீட்சை மாதங்களில் விட்டுவிடுங்கள். விடுமுறையில், மேட (சித்திரை) மாதத்தில், தானாக வருவார்கள்.

கேள்வி: அண்டை வீட்டு மலையாளிகளுக்கு ஆர்வம் இருக்கிறது. ஆனால் எங்கள் கூட்டத்தை "தமிழ் பட்டன்மாருடையது" (தமிழ்ப் பிராமணர்களுடையது) என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். என்ன செய்யலாம்?
(சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: அறிவிப்பை இரண்டு மொழியிலும் எழுதுங்கள், பேச்சும் அப்படியே இருக்கட்டும். ஒரு மாதம் மலையாளப் பாடலாசிரியர் இரயிம்மன் தம்பிக்கு ஒதுக்குங்கள். குருவாயூரப்பன் மேல் அவர் பாடிய "கருணை செய்வான் எந்து தாமசம்" (கருணை காட்ட ஏன் தாமதம்) ஸ்ரீராகத்தில் அமைந்தது. அதை யதுகுலகாம்போஜியில் பாடிப் பிரபலமாக்கியவர் செம்பை வைத்தியநாத பாகவதர். இரண்டு விதமாகவும் அடுத்தடுத்துக் கேட்கவையுங்கள். ஒரே கெஞ்சல் ஸ்ரீராகத்தில் எப்படி நிற்கிறது, யதுகுலகாம்போஜியில் எப்படி உருகுகிறது என்று பேச ஆரம்பித்தால் மொழி வேலி தானாக விழும். சாகித்யத்துக்கு, அதாவது பாட்டின் வரிகளுக்கு, பொருள் சொல்லும் பொறுப்பை மலையாளி நண்பர் ஒருவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: பீரோவில் நூற்றுக்கு மேல் கேசட்டுகள் இருக்கின்றன. உள்ளூர்க் கோயில் கச்சேரிகளும் ரேடியோ பதிவுகளும். கூட்டத்தில் போடலாமா? பல கேசட்டுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.
(நூரணி)

பதில்: போடலாம், ஆனால் பூத்ததை அப்படியே ஓட்டாதீர்கள். அது பூஞ்சை. டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். திருகு உள்ள கேசட் என்றால் கூட்டைத் திறந்து, காற்றோட்டமான நிழலில் நன்றாக உலரவைத்து, மெல்லிய உலர்ந்த துணியால் துடையுங்கள். மூக்கை மூடிக்கொண்டு வெளியே வைத்துச் செய்யுங்கள்.

நல்ல நிலையில் உள்ளவற்றை முதலில் எடுங்கள். ஓட்டுவதற்கு முன் ஒருமுறை முழுக்க முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றினால் ஒட்டியிருக்கும் சுற்றுகள் விடுபடும். நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும். அப்போது நாடாவை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும். வயலினின் மேல்ஸ்தாயி மூக்கால் பேசுவதுபோல் கேட்டால் ஹெட்டின் கோணம் தவறியிருக்கிறது. அதன் ஓரத்துச் சிறு திருகை ஒலி தெளியும் வரை இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது, சீக்கிரம் நீளும், சிக்கும். அதை ஒரே முறை ஓட்டும்போதே பதிவு செய்துவிடுங்கள்.

கணினியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக எடுங்கள். 90 நிமிடக் கேசட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஜிபி ஆகும். அரைக் கட்டை சுருதி கூடிக் கேட்டால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். அதே பாடகரின் வெளியான இசைத்தட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். திருத்தாத மூலக் கோப்பை அழிக்காதீர்கள். இரண்டு தனித்தனி வட்டுகளில், இரண்டு வீடுகளில் வைத்திருங்கள். உறையில் எழுதியிருப்பதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தேதியை ஊகித்து எழுத வேண்டாம். பாடியவர் குடும்பத்தைக் கேட்காமல் பொதுவெளியில் ஏற்றாதீர்கள். உங்கள் கூடத்தில், அந்தக் குடும்பத்தாரையும் அழைத்துப் போடுங்கள்.

கேள்வி: எந்த நாள், எந்த நேரம் வைப்பது நல்லது?
(கல்பாத்தி)

பதில்: சாயங்காலம் நாலரைக்குத் தொடங்கி, தீபாராதனைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் முடியுங்கள். மாதா மாதம் அதே கிழமையாக இருக்கட்டும். இரண்டு நாள் முன்னதாக ஒருவர் போனில் நினைவுபடுத்தட்டும். பிரதோஷம், ஏகாதசியோடு மோதவிடாதீர்கள். ஐப்பசி கடைசியில் உங்கள் தேருக்கு முந்திய இசைவிழா, விருச்சிகத்தில் (கார்த்திகையில்) குருவாயூர் ஏகாதசியை ஒட்டிய செம்பை உற்சவம். இந்த இரண்டு மாதமும் தனிக் கூட்டம் வேண்டாம். எல்லோருமாகச் சேர்ந்து அங்கே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். துண்டுச் சீட்டுகளை மறக்காமல் கொண்டுபோங்கள்.