டர்பனில் ஒரே ஒரு நாள் கிடைத்தால்

போன இதழில் தென்னாபிரிக்கா போய்வந்ததைப் பற்றி ரெண்டு வரிதான் எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சிலவற்றுக்கு இங்கே பதில்.

என்னோடு ஒரே வகுப்பில் படித்த சிநேகிதி டர்பனில் தாதியாக வேலை செய்கிறாள். வருகிற ஜூனில் ஒரு பயிற்சிக்காக ஜொகன்னஸ்பேர்க் போகிறேன், அவளோடு டர்பனைச் சுற்றிப்பார்க்க ஒரு முழு நாள் கிடைக்கும். அவள் கடற்கரை, கடல் பூங்கா, ஷாப்பிங் மால் என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். எதைப் பார்ப்பது, எதை விடுவது அண்ணே? (வாசகி, தலவாக்கலை)

ஷாப்பிங் மாலை முதல் வேலையாக வெட்டிவிடுங்கள் தங்கச்சி, அதைக் கொழும்பிலேயே பார்க்கலாம். உஷாகா கடல் பூங்கா நல்ல இடம்தான், பழைய சரக்குக் கப்பலுக்குள்ளே இறங்கிப் போய் மீன் பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள், ஆனால் அரை நாளை விழுங்கிவிடும். ஜூன் அங்கே குளிர்காலம். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் விடியும், மாலை ஐந்து தாண்டினால் இருட்டு. கையில் இருப்பது பத்து மணித்தியாலம், அதை மீனுக்குக் கொடுப்பதா என்று யோசியுங்கள்.

என்னைக் கேட்டால் விடிந்ததும் வோர்விக் சந்திக்குப் போய்விடுங்கள். 1910இல் தொடங்கிய காலைச் சந்தை அங்கே இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்து, அது முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் சின்னச் சின்னத் தோட்டம் போட்டு மரக்கறி விற்றதில் வளர்ந்த சந்தை அது, இன்றைக்கு அந்த மண்ணின் சூலு இனப் பெண்கள் பக்கத்திலேயே கிழங்கு குவித்து விற்கிறார்கள். கறிவேப்பிலைக் கட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த இடமே மறந்துபோனது. பக்கத்தில் மேம்பாலத்தின் மேலே மூலிகைச் சந்தை, மரப்பட்டையும் வேரும் மலை மாதிரி கிடக்கும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், கோபப்படுவார்கள், அது நியாயமான கோபம்.

அங்கிருந்து கிட்டத்தில் விக்டோரியா வீதிச் சந்தை. பழைய கட்டடம் 1973இல் எரிந்துபோய், பிறகு புதிதாகக் கட்டியது. மசாலாத் தூளைக் கூம்பு கூம்பாகக் குவித்துப் பெயர் எழுதிச் செருகியிருப்பார்கள், அதில் ஒன்று 'மாமியாரை ஒழிக்கும் மசாலா'. உறைப்பு அவ்வளவாம். சிநேகிதி கலியாணம் கட்டியவள் என்றால் அவளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அப்புறம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது, டர்பி வீதியில் இருக்கிற 1860 மரபுரிமை நிலையம். 1860 நவம்பர் 16இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராசிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்த 342 பேரோடு டர்பன் துறைக்கு வந்தது. 1911 வரைக்கும் அப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். ஐந்து வருச ஒப்பந்தம், பெரும்பாலும் கரும்புத் தோட்டம். இந்தக் கணக்கு இவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணம் கப்பல் பதிவேடு. ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு மச்சம் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தின் நகலை நான் நின்று வாசித்தேன். வட ஆர்க்காடு, வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, மறுபடி வட ஆர்க்காடு என்று போகிறது. வெள்ளைக்காரன் அன்பால் எழுதவில்லை, ஓடினால் பிடிப்பதற்குத்தான் எழுதினான், ஆனாலும் அதை வைத்துத்தான் இன்றைக்கு அங்குள்ள பிள்ளைகள் கொள்ளுத்தாத்தாவின் கிராமத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து நம்மவர்கள், ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணிக்குப் பின்னால் கூட்டமாக வந்தவர்கள். தோட்டத்துச் செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) பேர் இருந்தாலும், எந்த ஊர் எந்தத் தெரு என்று கேட்டால் எத்தனை வீட்டில் பதில் இருக்கிறது? எனக்கு அங்கே கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. போகுமுன் சிநேகிதியை நிலையத்துக்கு ஒரு போன் போட்டு நேரத்தை உறுதி செய்யச் சொல்லுங்கள், கிழமை நாளில் போவது நல்லது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வடக்கே இனாண்டா. 1904இல் காந்தி தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பு அங்கே. 1985 கலவரத்தில் அவருடைய வீடு எரிந்தது, திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 1927இல் நம்ம மலைநாட்டுக்கும் வந்து போன மனிதர் இந்தச் சின்ன வீட்டிலா இருந்தார் என்று தோன்றும். கிட்டத்திலேயே கறுப்பினத் தலைவர் ஜோன் டூபே தொடங்கிய ஓலாங்கே பாடசாலை, 1994இல் மண்டேலா தன் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட்டது அங்கேதான். ரெண்டையும் பார்த்துத் திரும்புகிற வழியில் மவுண்ட் எட்ஜ்கோம் கோவில். நேரம் மிச்சமிருந்தால் கடற்கரை, பாசிமணி வேலை செய்த பெரிய கொம்புத் தலைப்பாகையோடு நிற்கிற ரிக்‌ஷாக்காரரோடு ஒரு படம். போதும்.

அங்கே தமிழில் பேசினால் புரியுமா? (வாசகர், ஹப்புத்தளை)

பெரும்பாலும் புரியாது. கோவிந்தர், பிள்ளை, நாயுடு, முதலி, படையாச்சி என்று கடைப் பலகை எல்லாம் நம்ம பேராக இருக்கும், எழுத்துக்கூட்டில் கொஞ்சம் மாற்றம், அவ்வளவுதான். வீட்டுமொழி ஆங்கிலம் ஆகி தலைமுறைகள் ஆயிற்று. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் உண்டு. அதைக் கண்டு "ஐயோ மொழி போச்சே" என்று அவர்களிடமே புலம்புகிற நம்ம ஊர்ப் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அவர்கள் தென்னாபிரிக்கர்கள். இலங்கை என்றதும் முதலில் கேட்பது கிரிக்கெட்டைத்தான்.

அவர்களுக்குக் கரும்பு, நமக்குத் தேயிலை. அங்கே தேயிலையே இருக்கவில்லையா? (வாசகர், பொகவந்தலாவை)

இருந்தது! டர்பன் இருக்கிற நேட்டாலில் முதலில் கோப்பி போட்டுப் பார்த்தார்கள், அது நோயில் போனது, இலங்கைக் கோப்பிக்கு நடந்த அதே கதைதான். பிறகு டர்பனுக்கு வடக்கே கியர்ஸ்னி பக்கத்தில் லீஜ் ஹூலட் என்ற துரை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேயிலை போட்டார். கொழுந்து எடுத்தது இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள். 1911இல் ஆள் வரவு நின்றது, அதற்குப் பிறகு தேயிலை அங்கே நிலைக்கவில்லை, கரும்பு நின்றுவிட்டது. கரும்பை மெசினிலும் வெட்டலாம், கொழுந்துக்கு நாளாந்தம் கை வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தையில் நம்மவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு எப்படி? நான் சைவம். (வாசகி, பண்டாரவளை)

பனி சௌ என்று ஒன்று. வெட்டாத பாணை எடுத்து, நடுவைத் தோண்டி, கறியை நிரப்பித் தருவார்கள், தோண்டிய பாண்துண்டு மேலே மூடி மாதிரி இருக்கும். கையால்தான் சாப்பிட வேண்டும், மூடியைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரவேண்டும், பக்கச் சுவரை முதலில் உடைத்தால் குழம்பு மடியில். "குவாட்டர் மட்டன்" என்று கேட்டால் கால்பங்கு இறைச்சி அல்ல, கால்பங்கு பாண். உங்களுக்கு போஞ்சி விதைக் கறி போட்ட பனி சௌ இருக்கிறது, அது இறைச்சியை விட எனக்குப் பிடித்தது. ஒருவருக்குக் குவாட்டரே தாராளம்.

பயமில்லாமல் நடக்கலாமா? (வாசகர், ஹட்டன்)

பகலில், ஊர் தெரிந்தவரோடு, சரி. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியில் நிற்காதீர்கள், கழுத்தில் சங்கிலி வேண்டாம், இருட்டிய பிறகு நடக்காமல் செயலியில் கார் கூப்பிடுங்கள். சந்தைக்குள் போகும்போது பையை முன்னால் மாட்டுங்கள்.

சிநேகிதிக்கு என்ன கொண்டு போகலாம்? (மறுபடியும் தலவாக்கலை வாசகி, தனித் துண்டில்)

தேயிலைதான், வேறென்ன. கடையில் விற்கிற ஒட்டிய பைக்கற்றாகப் பார்த்து வாங்குங்கள், பொலித்தீன் பையில் கட்டிய தோட்டத்துத் தூள் வேண்டாம். கறிவேப்பிலைக் கன்று, விதை, பழம் எதையும் பெட்டியில் போடாதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். விசா வேண்டும் என்பதால் விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள்.