அண்டார்டிகாவில் யாரும் மிதப்பதில்லையே?

கேள்வி: விண்வெளிக்குப் போகிறவர்களின் நோய் எதிர்ப்புச் சக்தி ஏன் மாறுகிறது என்று அறிய அண்டார்டிகாவில் ரத்தம் எடுக்கிறார்களாமே? அங்கே யாரும் மிதப்பதில்லையே? என் அப்பா விசைப்படகில் போனால் கரை திரும்ப வாரக்கணக்காகும். அவரைச் சோதித்தால் ஆகாதா?
— கல்லூரி மாணவி, காசிமேடு

பதில்: மிதக்காததுதான் அங்கே வசதி, அம்மா. விண்வெளியில் எடையின்மை, கதிர்வீச்சு, அடைசல், கெட்ட தூக்கம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தாக்கும். எது எதைச் செய்தது என்று பிரிப்பது கஷ்டம். அதே மாற்றம் அண்டார்டிகாவிலும் தெரிந்தால் எடையின்மையின் மேல் மட்டும் பழி போட முடியாது.

அப்பாவுக்குத் தினமும் சூரியன் உதிக்கும். உடம்புக்கு முடியவில்லை என்றால் படகைத் திருப்பலாம். பிரான்சும் இத்தாலியும் நடத்தும் கன்கார்டியா நிலையத்தில் பிப்ரவரியில் கடைசி விமானம் போனால், அடுத்தது நவம்பர் வாக்கில்தான். பத்துப் பதினைந்து பேர், 3,200 மீட்டர் உயரம், மைனஸ் 80 டிகிரி வரை குளிர், ஏறக்குறைய நான்கு மாதம் சூரியனே கிடையாது. ஐரோப்பிய விண்வெளி முகமை ஆண்டுதோறும் அங்கே ஒரு டாக்டரை அனுப்புகிறது. கூட இருப்பவர்களிடம் ரத்தமும் எச்சிலும் சேகரிப்பது அவர் வேலை. ராயபுரத்தில் லேப் நடத்திய எனக்கு அவரைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான். என்னிடம் வந்தவர்கள் ஊசியைக் கண்டதும் ‘நாளைக்கு வரேன் சார்’ என்று நழுவிவிடுவார்கள். அங்கே நழுவி எங்கே போவது?

சரி, எச்சில் எதற்கு? சின்ன வயதில் சின்னம்மை வந்து போனாலும் அந்தக் கிருமி உடம்பைவிட்டுப் போவதில்லை, நரம்பில் பதுங்கியிருக்கும். வெள்ளை அணுக்கள் அசந்தால் அக்கியாகக் கிளம்பும். விண்வெளி வீரர்கள் பலருக்கு, தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லாமலே, எச்சிலில் அதன் தடயம் கிடைத்திருக்கிறது. அண்டார்டிகாவில் குளிர்காலம் கழித்தவர்களிடமும் இதே குடும்பத்து வைரஸ்கள் தலைதூக்கியிருக்கின்றன. ஆக, மன அழுத்தத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

1973இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. வெளியாள் வாடையே படாமல் 17 வாரம் இருந்த அண்டார்டிகா முகாமில் 12 பேரில் 6 பேருக்குச் சளி பிடித்தது. அதுவரை அந்தக் கிருமி எங்கே ஒளிந்திருந்தது!

கன்கார்டியாவில் ஒரு சிக்கல் உண்டு. உயரம் காரணமாக ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கு குறைவு; விண்வெளி நிலையத்தில் அப்படியில்லை. அதனால்தான் கடலோரத்தில் தாழ்வாக இருக்கும் ஜெர்மனியின் நியூமேயர் நிலையத்திலும் மாதிரி எடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.