பைலட்டும் கேபின் க்ரூவும் (பயணிகளைக் கவனிக்கும் விமானப் பணியாளர்கள்) ஒரே விமானத்தில்தானே வேலை செய்கிறார்கள், சம்பளப் போராட்டம் என்றால் மட்டும் ஏன் சேர்வதில்லை?

பைலட்டுக்குச் சம்பளம் அதிகம், அந்தப் பொறாமைதான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லைசென்ஸ், பயிற்சிச் செலவு, பொறுப்பு எல்லாம் உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரியாததா? ஒருவர் தெருவில் நிற்கும்போது மற்றவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதில்தான் மனக்கசப்பு.

பிரிட்டிஷ் ஏர்வேஸில் நடந்ததைப் பாருங்கள். 2009-ல் கம்பெனி பெரும் நஷ்டத்தில் இருந்தது. பைலட்டுகளின் சங்கமான பால்பா 2.61 சதவீதச் சம்பளக் குறைப்புக்குச் சம்மதித்து, பதிலுக்குக் கம்பெனிப் பங்குகளைக் கேட்டு வாங்கியது. யுனைட் சங்கத்தில் இருந்த கேபின் க்ரூவோடு பேச்சு முடியவில்லை. நவம்பரில் நிர்வாகம் தானாகவே ஆளைக் குறைத்தது. ஜம்போ விமானத்தில் 15 பேர் பார்த்த வேலையை 14 பேர் பார்க்க வேண்டும். 50 இருக்கைக்கு ஒருவர் என்ற சட்டக் கணக்கை விட அதிகம்தானே என்றது நிர்வாகம். சட்டம் அவசரத்தில் பயணிகளை வெளியேற்ற எத்தனை பேர் வேண்டும் என்றுதான் பார்க்கும், சாப்பாட்டு ட்ராலியை யார் தள்ளுவது என்று பார்க்காது. புதிதாகச் சேர்பவர்களைக் குறைந்த சம்பளத்தில் தனிப் பிரிவாக எடுக்கும் திட்டம் வேறு.

2010 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியது. விட்டு விட்டு மொத்தம் 22 நாள். அப்போதைய தலைமை நிர்வாகி வில்லி வால்ஷ் முன்னாள் பைலட், ஒரு காலத்தில் அயர்லாந்தில் பைலட் சங்கத்துக்காகப் பேச்சுவார்த்தைக்குப் போனவரும்கூட. எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். மற்ற பிரிவு ஊழியர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, பயிற்சி கொடுத்து கேபினுக்கு அனுப்பினார். அதில் பைலட்டுகளும் இருந்தார்கள். நம் ஊர்ச் சங்கங்களில் இதற்குக் கருங்காலி என்று பெயர். அடுத்த வாரம் அதே ஆட்களோடுதான் பறக்க வேண்டும்!

வேலைநிறுத்தம் செய்தவர்களின் சலுகை டிக்கெட்டும் பறிபோனது. அதை நம்பித் தொலைவில் குடியிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு அது சம்பளவெட்டு மாதிரிதான். 2011 உடன்பாட்டில் அந்தச் சலுகை திரும்ப வந்தது. குறைந்த சம்பளப் பிரிவு அப்படியே இருந்தது.

ஏர் கனடாவில் கதை வேறு. அங்கே பைலட்டுகள் 2024-ல் நான்கு ஆண்டுக்குச் சுமார் 42 சதவீத உயர்வு வாங்கினார்கள். அப்புறம் 2025 ஆகஸ்டில் சுமார் 10,000 கேபின் க்ரூ வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விமானம் நகர ஆரம்பித்த பிறகுதான் மீட்டர் ஓடும், பயணிகளை ஏற்றி உட்கார வைக்கும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்பது முக்கியக் குறை. பைலட்டுக்கும் மணிக்கணக்குதான், ஆனால் மணிக்கான தொகை பெரிது என்பதால் அவ்வளவு உறைக்காது. சில மணி நேரத்திலேயே அரசு தலையிட்டு வேலைக்குத் திரும்பச் சொல்ல, சங்கம் மறுத்தது. 19-ம் தேதி உடன்பாடு. பிறகு ஓட்டெடுப்பில் சம்பளப் பகுதியை 99.1 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

நான் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். எங்கள் சங்கங்களும் அதிகாரிகள் சங்கங்களும் ஒரே கூட்டமைப்பாக உட்கார்ந்து பேசும். 2024 மார்ச் 8 அன்று ஊழியர்களுக்கான 12-வது இருதரப்புச் சம்பள ஒப்பந்தமும் ஜாயின்ட் நோட் எனப்படும் அதிகாரிகளுக்கான சம்பள உடன்பாடும் ஒரே நாளில் கையெழுத்தாயின. இருவருக்கும் 17 சதவீத உயர்வு. விமானக் கம்பெனிகளில் ஒப்பந்தங்கள் வெவ்வேறு வருடத்தில் முடிவதால், முதலில் யாரைச் சரிக்கட்டுவது என்று நிர்வாகம் பார்த்துக்கொள்கிறது. சேர்ந்து பேசப் பைலட்டுகள் வருவார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. பைலட்டுக்குத் தட்டுப்பாடு இருக்கும்வரை தனியாகப் பேசுவதுதான் அவர்களுக்கு லாபம்.