குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது, எட்டிப் பார்க்காமலே அது நிரம்பப் போகிறது என்று சத்தத்தை வைத்து எப்படிச் சொல்ல முடிகிறது?

கேள்வி கேட்டவர் கூடவே மூன்று ஊகங்களும் போட்டிருக்கிறார்: குடத்தின் உலோகம் அதிர்வதாலா, தண்ணீரின் எடை கூடுவதாலா, அல்லது ரயில் ஹாரன் மாதிரி தண்ணீர் மட்டம் நம்மை நோக்கி மேலே வருவதாலா? மூன்றும் இல்லை. ஆனால் மூன்றையும் நானும் ஒரு காலத்தில் நம்பியிருக்கிறேன், அதனால் பொறுமையாகவே எழுதுகிறேன். நான் இயற்பியல் படித்தவன் இல்லை, பி.காம்., கணக்கு எழுதுகிற வேலை. இந்தக் குடத்துச் சத்தத்தோடு மட்டும் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு.

திண்டுக்கல் பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் குழிக்குள் குழாய். தண்ணீர் வேகமாக ஏறாது என்று தரையை இரண்டடி தோண்டிக் குழாயைக் கீழே இறக்கியிருப்பார்கள், பார்த்தவர்களுக்குத் தெரியும். குடத்தைக் குழிக்குள் இறக்கி வைத்தால் அதன் வாய் நம் கால் மட்டத்தில் இருக்கும். விடிகாலை நாலு மணி இருட்டில் உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்த்தாலும் தெரியாது. அம்மா அடுப்படியில் இருந்தபடியே குரல் கொடுப்பார்: "டேய், சத்தம் ஒல்லியாயிருச்சு பாரு, குடத்தை மாத்து." நான் திண்ணையில் அரைத்தூக்கத்தில் இருப்பேன். ஓடிப் போய்க் கையை விட்டுப் பார்த்தால் தண்ணீர் கழுத்தில் நிற்கும். ஒரு நாளும் தப்பியதில்லை.

ஒல்லியாகிறது என்று அம்மா சொன்னதைத்தான் சங்கீதக்காரர்கள் சுருதி ஏறுகிறது என்பார்கள். முதலில் 'தொப தொப' என்று கனமாக இருக்கும், அப்புறம் 'குளுகுளு', கடைசியில் 'ஙீ' என்று மெலிந்து ஓடும்.

முதலில் உலோகத்தை ஒதுக்கிவிடலாம். எங்கள் வீட்டில் பித்தளைக் குடம் ஒன்று, எவர்சில்வர் இரண்டு, அப்புறம் வந்த பிளாஸ்டிக் குடங்கள் நாலைந்து. எல்லாவற்றிலும் சத்தம் ஏறத்தான் செய்தது. பிளாஸ்டிக் குடத்தைத் தட்டினால் 'டொக்' என்று செத்த சத்தம்தான் வரும், அதுவே தண்ணீர் பிடிக்கும்போது பித்தளைக்குச் சமமாக ஒல்லியாகிறது என்றால், பாடுவது குடத்தின் உடம்பாக இருக்க முடியாது.

பாடுவது உள்ளே மிச்சமிருக்கும் காற்று.

தண்ணீர் விழுந்து தெறிக்கும்போது உண்டாவது ஒரு கலவை இரைச்சல், எல்லாச் சுருதியும் அதில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. குடத்துக்குள் இருக்கும் காற்று அந்த இரைச்சலிலிருந்து தனக்குப் பிடித்த ஒரு சுருதியை மட்டும் எடுத்துப் பெரிதாக்குகிறது. ஊஞ்சலை அதன் சொந்த ஆட்டத்துக்கு ஏற்பத் தள்ளினால் உயரப் போகிறது, கண்ட நேரத்தில் தள்ளினால் அப்படியே தொங்குகிறது இல்லையா, அந்த மாதிரி. நிறைய காற்று இருந்தால் மெதுவாக ஆடும், கனத்த சத்தம். தண்ணீர் ஏற ஏறக் காற்று குறைகிறது, ஆட்டம் வேகமாகிறது, சத்தம் ஒல்லியாகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு ரப்பர் டியூபைக் குடத்தின் அடிவரை விட்டு, அதன் நுனி தண்ணீருக்குள்ளேயே முங்கியிருக்கும்படி நிரப்பிப் பாருங்கள். தெறிப்பு இல்லாததால் இரைச்சல் இல்லை, எடுத்துப் பெரிதாக்க எதுவும் இல்லாததால் காற்றும் சும்மா இருக்கும். எடையும் ஏறுகிறது, மட்டமும் ஏறுகிறது, பாட்டு மட்டும் இல்லை.

இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். குடம் பாதி நிரம்பிக்கொண்டிருக்கும்போது உள்ளங்கையால் வாயைப் பாதி மூடுங்கள். சுருதி சட்டென்று இறங்கும், கையை எடுத்தால் மறுபடி ஏறும். தண்ணீர் அதே அளவு, குடம் அதே குடம், மாறியது காற்று வெளியே போய்வரும் வாசலின் அகலம் மட்டும். கழுத்தில் இருக்கும் கொஞ்சம் காற்று ஒரு தக்கை மாதிரி மேலும் கீழும் ஆட, வயிற்றுக்குள் இருக்கும் காற்று அதற்கு ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிகிறது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதையே வேலையாக எடுத்துக்கொண்டு, கழுத்தும் வயிறும் உள்ள உலோக உருண்டைகள் ஒரு வரிசை செய்து, ஒவ்வொன்றாகக் காதில் வைத்து ஒரு சத்தத்துக்குள் எந்தெந்தச் சுருதிகள் ஒளிந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தார். நம் கடம் வித்வான்கள் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தி அழுத்தி எடுத்து அந்த ஆழமான சத்தத்தை வளைக்கிறார்களே, அதிலும் இந்த வாசல் விவகாரம்தான் வேலை செய்கிறது.

சரி, சத்தம் ஏறுவது புரிந்தது. கடைசியில் மட்டும் ஏன் அப்படித் தலைதெறிக்க ஏறுகிறது? எனக்குப் பல வருஷம் புரியாதது இதுதான். குழாயில் தண்ணீர் ஒரே வேகத்தில்தான் வருகிறது. முதல் மூன்று நிமிஷம் ஒன்றும் பெரிதாக மாறாத சத்தம் கடைசி அரை நிமிஷத்தில் மட்டும் கீச்சென்று போகிறது.

காரணம் நம் காதின் கணக்கு. காது கூட்டல் கழித்தல் பார்ப்பதில்லை, மடங்கு பார்க்கிறது. கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ என்றால் அதிர்வு இரண்டு மடங்கு, அதற்கு மேல் இருக்கும் ஸ-வுக்கு நாலு மடங்கு. குடம் மாதிரி கழுத்துள்ள பாத்திரத்தில் சுருதி இரண்டு மடங்காக வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் காற்று நாலில் ஒரு பங்காக வேண்டும். அதாவது 16 லிட்டர் குடம் என்று வையுங்கள். காற்று 16 லிட்டரிலிருந்து 4 லிட்டராகும் வரை, 12 லிட்டர் தண்ணீர் விழுந்து முடிந்தும், சத்தம் ஏறுவது ஒரே ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரை. அடுத்த ஸ்தாயிக்குக் காற்று 4-லிருந்து 1 லிட்டர் ஆனால் போதும், அதற்கு மூன்றே லிட்டர் தண்ணீர். முதல் ஸ்தாயிக்கு எடுத்த நேரத்தில் நாலில் ஒரு பங்கு. இதற்குள் தண்ணீர் கழுத்துக்கே வந்துவிடும். அங்கே வயிறு என்று ஒன்று இல்லாமல் போய்க் குட்டையான குழாய் மட்டும் மிஞ்சுவதால் இன்னும் எகிறும். அம்மா குரல் கொடுத்தது அந்த இடத்தில்தான். அவர் சுருதியைக் கேட்டார் என்பதைவிட அது ஓடுகிற வேகத்தைக் கேட்டார் என்று சொல்லலாம்.

வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தால் இப்போதே பார்க்கலாம். காலி பாட்டிலின் வாயில் குறுக்காக ஊதி, அந்தச் சத்தத்தை மனதில் வைத்துக்கொண்டு, முக்கால் பாட்டில் தண்ணீர் ஊற்றி மறுபடி ஊதுங்கள். பாடத் தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் கீழ் ஸ, மேல் ஸ என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், ஏறத்தாழ அவ்வளவு பொருந்தும்.

கழுத்தே இல்லாத, உயரமாக ஒடுங்கிய ஜாடிகளுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே காற்றின் உயரம் பாதியானால் சுருதி இரண்டு மடங்கு. நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது, 30 செ.மீ. ஆழக் காற்று நொடிக்கு 290 தடவை போல ஆடும், 15 செ.மீ. ஆனால் 580. (வாய்க்கு வெளியே இருக்கும் கொஞ்சம் காற்றும் சேர்ந்து ஆடுவதால் நிஜத்தில் இதைவிடச் சற்றுக் குறையும்.)

இதையெல்லாம் தெரிந்துகொண்ட தெம்பில் ஒரு கல்யாண வீட்டில் மானம் போனது. சமையற்கட்டுப் பக்கம் அண்டாவுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, காதை நம்பித் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தேன். காலில் ஈரம் பட்ட பிறகுதான் தெரிந்தது. அண்டாவுக்கு வாய் அகலம், ஆழம் கம்மி. சத்தம் உள்ளே நின்று ஆடிச் சுருதி பிடிப்பதற்குள் வெளியே ஓடிவிடுகிறது, ஒல்லியும் இல்லை குண்டும் இல்லை, வெறும் இரைச்சல். அரிசி மூட்டை நனையாமல் தப்பியது யார் செய்த புண்ணியமோ.

இப்போது அந்த ரயில் ஹாரன் ஊகம். நம்மை நோக்கி வரும் சத்தம் ஒல்லியாகவும் விலகிப் போகும் சத்தம் கனமாகவும் கேட்கும் என்று டாப்ளர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1842-இல் சொன்னார், 1845-இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்பவர் ரயிலில் ஊதுகுழல்காரர்களை ஏற்றி ஊதச் சொல்லி, தண்டவாளத்துப் பக்கத்தில் காது கூர்மையான இசைக்காரர்களை நிறுத்தி அதைச் சரிபார்த்தார். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ரயில் நம்மைக் கடந்தால், வரும்போது இருந்த சுருதிக்கும் போகும்போது இருக்கும் சுருதிக்கும் வித்தியாசம் சுமார் 17 சதவீதம், ஸ-வுக்கும் 'சாதாரண காந்தாரம்' என்ற ஸ்வரத்துக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. பிளாட்பாரத்தில் நிற்கும் யாருக்கும் கேட்கும். குடத்தில் தண்ணீர் மட்டம் நொடிக்கு அரை சென்டிமீட்டர் ஏறினாலே அதிகம். ஒலியின் வேகத்தில் அது எழுபதாயிரத்தில் ஒரு பங்கு. எந்த மேதையின் காதுக்கும் அது எட்டாது.

எடை ஊகத்தில் மட்டும் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது, ஆனால் தலைகீழாக. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஸ்பூனால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஊற்றும் சத்தம் ஏறும், தட்டும் சத்தம் இறங்கும்! ஒரே டம்ளர், ஒரே நேரம், இரண்டு சத்தமும் எதிரெதிர்த் திசையில். இதை முதலில் கவனித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போனது. தட்டும்போது ஆடுவது கண்ணாடிச் சுவர், அதற்குத் தண்ணீர் ஒரு சுமை, சுமை கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஜலதரங்கக்காரர்கள் கிண்ணத்தில் தண்ணீர் சேர்த்துச் சுருதியை இறக்குவதும் எடுத்து ஏற்றுவதும் இதனால்தான். டம்ளரில் அடியில் ஊற்றும் தண்ணீர் பெரிதாக எதையும் மாற்றாது, விளிம்புப் பக்கம் வரும் தண்ணீர்தான் சுருதியை நன்றாக இழுக்கும். ஏனென்றால் தட்டினால் அதிகம் ஆடுவது விளிம்பு, அடிப்பாகம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது.

இதற்குள்ளும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் கனமான பீங்கான் கப்பில் ஊற்றி ஒரு ஸ்பூன் உப்போ இன்ஸ்டன்ட் காபிப் பொடியோ போட்டுக் கலக்கி, கப்பின் உள் அடியை ஸ்பூனால் விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள். சத்தம் முதலில் படுபாதாளத்துக்குப் போய், பிறகு தானாக ஏறிக்கொண்டே வரும், தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவோ குறையவோ இல்லாமல். 1982-இல் பிராங்க் கிராஃபோர்டு என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைச் 'சூடான சாக்லேட் விளைவு' என்ற பெயரில் எழுதினார். குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்கள் நிறைந்த தண்ணீர், கனத்தில் தண்ணீராகவும் அமுங்குவதில் காற்று மாதிரியும் இருப்பதால், ஒலி அதற்குள் நொண்டி நொண்டிப் போகிறது. சுத்தத் தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் ஓடும் ஒலி, குமிழ் கலந்த தண்ணீரில் காற்றில் போவதைவிடவும் மெதுவாகிவிடும். குமிழ்கள் மேலே வந்து உடைய உடைய வேகம் திரும்புகிறது, சுருதியும் ஏறுகிறது. எங்கள் வீட்டில் பில்டர் காபிதான் என்பதால் நான் உப்பை வைத்துத்தான் செய்தேன். வெந்நீரில் உப்புப் போட்டு டங் டங் என்று தட்டிக்கொண்டிருந்த என்னை அம்மா பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

குமிழ் என்றதும் ஒன்று. ராத்திரியில் வாளிக்குள் குழாய் சொட்டுகிற அந்த 'ப்ளிங்க்' சத்தமும் சொட்டு தண்ணீரில் அடிபடுகிற சத்தம் இல்லை. சொட்டு விழுந்த குழியின் அடியில் ஒரு சின்னக் காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டு அதிர்கிறது, அதுதான் நமக்குக் கேட்கிறது. கேம்பிரிட்ஜில் அனுராக் அகர்வால் குழுவினர் 2018-இல் இதை அதிவேகக் கேமராவும் தண்ணீருக்கடியில் மைக்கும் வைத்துக் காட்டினார்கள். நண்பர் வீட்டில் கூரை ஒழுகி வாளியில் சொட்டிய சத்தத்தில் தூங்க முடியாமல் போனதில் அவருக்கு வந்த யோசனையாம். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்துவிட்டால் அந்தக் குமிழ் உண்டாவதில்லை, சத்தம் நின்றுவிடும்.

எங்கள் பாத்ரூம் குழாய் மூன்று வாரமாகச் சொட்டுகிறது. தினமும் படுக்கப் போகும் முன் வாளித் தண்ணீரில் விம் லிக்விட் கொஞ்சம் விட்டு வைக்கிறேன், பிளம்பர் வருகிற வரைக்கும் அதுதான்.