முப்பரிமாண ஸ்கேனர் வாங்கினால் செயற்கைக் கால் மையங்களில் ஆள் பற்றாக்குறை தீருமா?

தீராது. ஸ்கேனர் மிச்சப்படுத்துவது மாவுக்கட்டு போட்டு அச்செடுக்கும் நேரத்தை. முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே பொருத்தும் காலில், முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் எடை தாங்கும். எஞ்சிய காலை உள்ளே ஏந்தும் உறையான சாக்கெட் அங்கே சற்று அழுத்த வேண்டும். கீழ்க்காலின் வெளிப்புற எலும்பான ஃபிபுலாவின் தலைக்கும், முன்பக்கப் பெரிய எலும்பான டிபியாவின் நுனிக்கும் இடம் விட வேண்டும். மென்பொருளில் திருத்தினாலும், காலைத் தொட்டுப் பார்த்தவர்தான் அதைத் தீர்மானிக்க முடியும். அடுத்து சோதனை சாக்கெட், நிற்கவைத்து அலைன்மென்ட் (சாக்கெட், பாதம் ஆகியவற்றின் கோணத்தைச் சரிசெய்வது), நடக்கவைத்துத் திருத்தம்.

கால் அகற்றிய முதல் மாதங்களில் எஞ்சிய பகுதி சுருங்கிக்கொண்டே போகும். சாக்கெட் தளர்ந்து, கால் உள்ளே ஆழமாக இறங்கி, நுனியில் புண் வரும். காலுறைகளைக் கூட்டி ஓரளவு சமாளிக்கலாம். அதற்கு மேல் புது சாக்கெட்தான். ஒரே நபர் பலமுறை திரும்ப வருவார் என்பதை ஆள் கணக்கில் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2017 தரநிலைகள், பத்து லட்சம் மக்களுக்கு 5 முதல் 10 பொருத்துநர்கள் (அளவெடுத்துப் பொருத்தும் நிபுணர்கள்) தேவை என்கின்றன. லேமினேஷன் செய்து (துணி அடுக்குகளைப் பிசினில் இறுக்கி சாக்கெட் ஆக்கி) பாகங்களைக் கோக்கும் டெக்னீஷியன்கள் தனி. அவர்கள் இல்லாவிட்டால் பொருத்துநரே கிரைண்டர் முன் நிற்பார், காத்திருப்போர் பட்டியல் நீளும். ஸ்கேனர், டெக்னீஷியன் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் போதுமென்றால், முதலில் டெக்னீஷியனை எடுங்கள்.