டைவிங்கில் மிதக்காமல் மூழ்கியிருக்க இடுப்பில் கட்டும் மென் எடைப் பைகளை வீட்டிலேயே தைக்கலாமா? உள்ளே எதை நிரப்புவது?

தாராளமாகத் தைக்கலாம். பெல்ட்டில் கோக்கும் ஈயக் கட்டி இடுப்பெலும்பில் குத்தும். துணிப்பையில் ஈயக் குண்டுகளைப் போட்டால் உடம்போடு வளைந்து கொடுக்கும்.

மலிவு என்று மணலை நிரப்பாதீர்கள். கடல்நீருக்குள் ஈயத்தின் எடையில் சுமார் 9 சதவீதம்தான் குறையும். மணலில் கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடும். இரும்பு பால்ரஸ் பரவாயில்லை, ஆனால் துருப்பிடிக்கும்.

முரட்டு நைலான் துணிக்கு நைலான் நூலிலேயே இரட்டைத் தையல் போடுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். ஒரு பக்கமாவது வலைத்துணி இருக்கட்டும், அதன் கண் குண்டைவிடச் சிறியதாக. உள்ளே காற்று அடைபட்டால் அந்த அளவுக்கு எடை குறையும், அதனால் தண்ணீர் தாராளமாகப் புகுந்து வெளியேற வேண்டும். பைக்கு 1 அல்லது 2 கிலோ போதும். வாய்வரை திணித்தால் மறுபடி கட்டிதான்!

ஈயத் தூள் நஞ்சு. கையுறை போடுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள், சமையலறைத் தராசைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், ஆழமில்லாத இடத்தில் மிதப்பைச் சோதியுங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றே இரண்டரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அது தீர்ந்தபின் நீங்கள் மேலெழும்பாத அளவுக்கு எடை வேண்டும்.