பாரிஸிலிருந்து ஒரு நாள்: ஷாம்பெய்ன் தோட்டங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

பாரிஸுக்குச் செல்லும் வாசகர்கள் சிலர், அங்கிருந்து சிறு குழுவாக, வழிகாட்டியுடன், நுரைக்கும் ஒயினுக்குப் பெயர்பெற்ற ஷாம்பெய்ன் வட்டாரத்துத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு அன்று மாலையே திரும்பும் பயணத்தைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மது உடல்நலத்துக்குக் கேடு என்ற வரியைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டு ஒதுங்கிவிடாமல், அதையும் ஒரு கேள்வியின் பதிலிலேயே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: என் மகன் பாரிஸில் வேலை பார்க்கிறான். நானும் என் கணவரும் அவனிடம் செல்லும்போது இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்யலாமா, அல்லது ரயிலேறி நாங்களே போய் வரலாமா? குழுப் பயணத்தின் கட்டணம் மலைக்க வைக்கிறது. (கும்பகோணம் வாசகி)

பதில்: நீங்கள் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். பெரிய, பெயர்பெற்ற நிறுவனங்கள் ஒயினை முதிர வைக்கும் நிலவறைகளை மட்டும் பார்த்தால் போதும் என்றால் வழிகாட்டியே தேவையில்லை. பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ரெய்ம்ஸ் நகரம் வந்துவிடும். அங்கே நிலவறைகள் நகருக்குள்ளேயே இருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு, குறித்த நேரத்துக்குப் போய் நின்றால் ஆங்கிலத்திலேயே சுற்றிக் காட்டுவார்கள். எப்பெர்னே என்ற சிற்றூருக்கும் நேரடி ரயில் உண்டு. அங்குள்ள ஷாம்பெய்ன் அவென்யூ என்னும் தெருவில் பெரிய நிறுவனங்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன; அத்தெருவுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த சுரங்கப் பாதைகள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. 1743-இல் தொடங்கப்பட்ட மோயெட் ஷாண்டோன் நிறுவனத்துக்கு மட்டுமே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலவறைகள் உள்ளன.

ஆனால் அந்த வட்டாரத்தின் உயிர் நகரத்தில் இல்லை, கிராமங்களில் இருக்கிறது. தாமே திராட்சை வளர்த்து, தாமே பிழிந்து, தம் பெயரிலேயே விற்கும் குடும்பங்கள் மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் ரெய்ம்ஸ் மலைச் சரிவிலும் சிறு சிறு ஊர்களில் பரவியிருக்கின்றன. அவர்களிடம் போய்ச் சேர வண்டி வேண்டும். சுவைத்துவிட்டு வண்டி ஓட்டவும் முடியாது, ஏனெனில் அந்நாட்டில் ஓட்டுநரின் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். சிறு குழுப் பயணத்துக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். பெரும்பாலான குழுக்களில் 8 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. சாதாரணக் கார் உரிமத்தை வைத்துக்கொண்டு ஓட்டக்கூடிய வண்டியில் ஓட்டுநரையும் சேர்த்து 9 இருக்கைகளே இருக்கலாம் என்ற விதி அதற்கு ஒரு காரணம். 8 பேர் என்றால் ஒரு விவசாயி தன் வீட்டுக் கூடத்திலேயே உட்கார வைத்துப் பேசுவார். 40 பேர் பேருந்தில் வந்து இறங்கினால் எந்தச் சிறு தோட்டக்காரரும் கதவைத் திறக்க மாட்டார்.

கட்டணம் ஒருவருக்கு 200 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். பதிவு செய்யுமுன், எத்தனை இடங்களுக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பெரிய நிறுவனம், ஒரு குடும்பத் தோட்டம், இடையில் பழைய மடம் உள்ள ஓவில்யே கிராமம் என்று இருந்தால் அது நல்ல பயண நிரல். பாரிஸிலிருந்து சாலை வழியாகப் போய் வருவதற்கே நான்கு மணி நேரம் வரை கழிந்துவிடுமாதலால், நான்கைந்து தோட்டங்களைக் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களை நான் நம்ப மாட்டேன். அவற்றில் பார்ப்பதைவிட வண்டியில் ஏறி இறங்குவதே அதிகமாக இருக்கும். கட்டணத்தைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு: ரெய்ம்ஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து புறப்படும் அரை நாள் குழுவில் சேர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: நான் திராட்சை விவசாயி. அங்கே கொடிகளைப் பந்தலில் ஏற்றுகிறார்களா? எங்கள் முறைக்கும் அவர்கள் முறைக்கும் என்ன வேறுபாடு? (கம்பம் வாசகர்)

பதில்: இப்பயணத்தில் மற்றவர்கள் பார்க்காத பலவற்றை நீங்கள் பார்ப்பீர்கள் என்பதால், இக்கேள்வியைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. அங்கே பந்தல் கிடையாது. ஆள் உயரத்துக்கும் குறைவாக, கம்பி கட்டிய நேர்வரிசைகளில், கொடிகளை நெருக்கமாக நடுகிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 8,000 செடிகள். கம்பம் பள்ளத்தாக்கில் வெயிலிலிருந்து கொத்துகளைக் காக்கப் பந்தலின் இலைப்பரப்பு நிழல் தருகிறது. ஷாம்பெய்ன் வட்டாரமோ வட அட்சரேகை 49-ஐ ஒட்டி, திராட்சை சாகுபடியின் குளிர் எல்லையில் இருப்பதால், கிடைக்கிற ஒவ்வொரு துளி வெயிலையும் நிலத்தின் வெதுவெதுப்பையும் பிடித்துக்கொள்ளவே கொடியைத் தாழ்வாக வைக்கிறார்கள். உங்கள் ஊரில் கவாத்தை (கொடியை வெட்டிவிடுவதை) மாற்றி மாற்றி வைத்து ஆண்டு முழுவதும் பழம் எடுக்க முடிகிறது. அங்கே குளிர்காலத்தில் கொடி உறங்கிவிடும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. ஜூன் மாதத்தில் பூத்தால் அதிலிருந்து சுமார் நூறு நாள் கழித்துப் பறிப்பு என்பது அங்குள்ள பழைய கணக்கு. வசந்தத்தில் துளிர் விட்ட பிறகு ஓர் இரவு உறைபனி விழுந்தால் அந்த ஆண்டின் விளைச்சலில் பெரும்பகுதி போய்விடக்கூடும்.

பறிப்பு முழுக்க முழுக்கக் கையால்தான். இயந்திர அறுவடைக்கு அங்கே அனுமதி இல்லை. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. அங்கு பயிராகும் மூன்று முக்கிய வகைகளில் பினோ நுவார், மொனியே இரண்டும் கறுப்புத் தோல் கொண்டவை, ஷார்டொனே மட்டுமே வெள்ளை. கறுப்புப் பழத்திலிருந்து நிறமற்ற சாறு வர வேண்டுமானால் பழம் நசுங்காமல் கொத்தோடு பிழிபொறிக்குப் போய்ச் சேர வேண்டும். பிழிவதற்கும் கணக்கு இருக்கிறது: 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக் கூடாது. ‘இன்னும் கொஞ்சம் பிழிந்தால் என்ன’ என்று நீங்கள் வழிகாட்டியைக் கேட்டுப் பாருங்கள். தோலின் துவர்ப்பு இறங்கிவிடும் என்று அவர் விளக்குவார். கம்பத்துப் பன்னீர்த் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் கொண்டு வந்தார் என்று சொல்லப்படுவதையும் அவரிடம் சொல்லுங்கள், பேச்சு நன்றாக வளரும்.

கேள்வி: நிலவறைக்குள் என்னதான் காட்டுவார்கள்? ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் தொம் பெரின்யோன் என்ற துறவிதானா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: கண்டுபிடித்தவர் அவர் அல்லர். தொம் பெரின்யோன் 1668 முதல் 1715-இல் இறக்கும்வரை ஓவில்யே மடத்தின் நிலவறைப் பொறுப்பாளராக இருந்தார். பல தோட்டத்துப் பழங்களை அளவறிந்து கலப்பதில் தேர்ந்தவர். ஆனால் ஒயினில் குமிழி வருவது அக்காலத்தில் குறையாகவே கருதப்பட்டது, அதைத் தடுக்கத்தான் அவரும் பாடுபட்டார். ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தை 1662-லேயே லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் விவரித்திருக்கிறார். இதை ஓவில்யேயில், துறவியின் கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லும் வழிகாட்டியும் உண்டு, சொல்லாமல் நழுவுகிறவரும் உண்டு. வழிகாட்டியின் தரத்தை அறிய இது ஒரு சோதனை.

நிலவறையில் நீங்கள் பார்ப்பது காத்திருப்பைத்தான். முதல் நொதித்தல் முடிந்த குமிழியற்ற ஒயின்களைக் கலந்து, லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்துவிடுகிறார்கள். மூடிய புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கும்போது எழும் கரியமில வாயு வெளியேற வழியின்றி ஒயினிலேயே கரைகிறது. உள்ளே உருவாகும் அழுத்தம் ஏறத்தாழ 6 வளிமண்டலம், அதாவது கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முன்னாளில் கண்ணாடி வலுவற்றதாக இருந்தபோது ஒரு புட்டி வெடித்தால் பக்கத்துப் புட்டிகளும் வெடிக்கும் என்பதால், தொழிலாளர்கள் இரும்பு முகமூடி அணிந்துகொண்டுதான் உள்ளே போனார்கள். இன்றும் சட்டப்படி குறைந்தது 15 மாதம், ஒரே ஆண்டின் அறுவடையில் செய்து அந்த ஆண்டின் பெயரில் வருவது 3 ஆண்டு, விற்பனைக்கு முன் அங்கேயே கிடக்க வேண்டும்.

இறந்த ஈஸ்ட் புட்டியின் அடியில் மண்டியாகப் படியும். அதை அகற்றும் வழியைச் செப்பனிட்டது வவ் கிளிக்கோ நிறுவனத்தை நடத்திய பார்ப் நிக்கோல் பொன்சார்டேன். 1805-இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 27. அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் மணமான பெண் கணவனின் ஒப்புதலின்றி வணிக ஒப்பந்தம் செய்ய முடியாது. கணவனை இழந்த பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. அவர் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு தொழிலைக் கையிலெடுத்தார். 1816-ஐ ஒட்டி, துளையிட்ட சாய்பலகையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் சற்றே திருப்பி, மண்டியைக் கழுத்துக்கு இறக்கும் முறை அங்கே உருவாயிற்று. பிறகு கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறந்தால் மண்டி பனிக்கட்டியாகத் துள்ளி வெளியேறிவிடும். இப்போது இந்த வேலையைப் பெரும்பாலும் இயந்திரக் கூண்டுகள் செய்கின்றன. சாய்பலகைகள் சுற்றுலாப் பயணிகளுக்காகவே சில இடங்களில் நிற்கின்றனவோ என்று எனக்கு ஐயமுண்டு.

ரெய்ம்ஸ் நகரின் சில நிலவறைகள் ரோமானியர் காலத்தில் கட்டடக் கல் வெட்டிய சுண்ணாம்புக் குழிகள். 30 மீட்டர் ஆழத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், கூம்புபோல் குறுகிச் செல்லும் சுவர்களின் உச்சியில் சிறு வெளிச்சம் தெரியும். முதல் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் இந்த நிலவறைகளில் குடியிருந்தார்கள், குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் இங்கேயே நடந்தது. இந்தச் சரிவுகளும் நிலவறைகளும் 2015-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கேள்வி: எனக்கு மதுப் பழக்கம் இல்லை, சைவ உணவுக்காரி. உறவினர்களோடு போனால் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? (சேலம் வாசகி, பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: தேவையில்லை. மேலே சொன்ன எதையும் பார்க்கக் குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யும்போதே ‘சுவைக்க மாட்டேன்’ என்று எழுதிவிட்டால் திராட்சைச் சாறு தர ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் உண்டு. மதிய உணவைப் பற்றியும் அப்போதே தெளிவாக எழுதுங்கள். ‘சைவம்’ என்றால் மீன் சாப்பிடுவார் என்று நினைப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். ரெய்ம்ஸின் புகழ்பெற்ற இளஞ்சிவப்பு பிஸ்கட்டில் முட்டை உண்டு. ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, மீன் உறுப்பிலிருந்து எடுக்கும் பசை போன்றவற்றைச் சில இடங்களில் பயன்படுத்துவதால், சுவைக்க விரும்பும் சைவர்களும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நிரலில் ரெய்ம்ஸ் தேவாலயம் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய இடம் அது. 1974-இல் பொருத்தப்பட்ட மார்க் ஷகால் என்ற ஓவியரின் நீலக் கண்ணாடிச் சன்னல்கள் அங்கே இருக்கின்றன.

கேள்வி: ஒரு நாளில் எத்தனை கோப்பை தருவார்கள்? எழுபது வயதைக் கடந்த என் பெற்றோரை அழைத்துச் செல்லலாமா? (சென்னை வாசகர்)

பதில்: முழுநாள் பயணங்களில் ஆறு, ஏழு வகைகளைச் சுவைக்கத் தருவது வழக்கம். பிரான்சின் பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரையே, நாளொன்றுக்கு இரண்டு கோப்பைக்கு மேல் வேண்டாம், அதுவும் தினமும் வேண்டாம் என்பதுதான். அவர்கள் கணக்கில் ஒரு கோப்பை என்பது 12 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட ஒயின் 100 மில்லிலிட்டர். ஆகவே பயணக் கட்டணத்தில் அடங்கியதையெல்லாம் குடித்துத் தீர்ப்பவர் அந்த அளவை மதியத்துக்குள்ளேயே தாண்டிவிடுவார். ஒரு மிடறு சுவைத்துவிட்டு மீதியை அங்கே வைத்திருக்கும் கலத்தில் ஊற்றிவிடலாம், வாயிலுள்ளதையும் துப்பலாம்; தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. நீரிழிவு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சுவைக்க வேண்டாம்.

பெற்றோரை அழைத்துச் செல்வதில் உண்மையான இடர் படிக்கட்டுகள்தாம். ஆழமான நிலவறைகளில் நூறு படிகளையொட்டி இறங்கி, மீண்டும் ஏற வேண்டியிருக்கலாம். தரையும் ஈரமாக இருக்கும். மின்தூக்கி உள்ள இடமா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஆகஸ்ட் வெயிலிலும் உள்ளே 10 முதல் 12 டிகிரிதான் என்பதால் ஆளுக்கொரு கம்பளிச் சட்டை அவசியம். அறுவடை நடக்கும் ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் வாரங்களில் சிறு தோட்டக்காரர்களுக்கு விருந்தினரைக் கவனிக்க நேரம் இருக்காது. மே, ஜூன் மாதங்களே என் தேர்வு.

கேள்வி: இரண்டு புட்டி வாங்கி வர எண்ணம். எதைப் பார்த்து வாங்குவது, எப்படிக் கொண்டு வருவது? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: புட்டியின் ஒட்டுத்தாளில் மிகச் சிறிதாக இரண்டு எழுத்துகள் இருக்கும். ‘ஆர்.எம்.’ என்றிருந்தால் தன் தோட்டத்துப் பழத்தில் தானே தயாரித்த விவசாயியுடையது, ‘என்.எம்.’ என்றால் பழத்தை வெளியிலும் வாங்கித் தயாரிக்கும் நிறுவனத்துடையது. பெரிய பெயர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை, அவை பாரிஸ் கடைகளிலும் விமான நிலையத்திலும் கிடைக்கும். ஆகவே கிராமத்துக்குப் போன பிறகு முதல் வகையை வாங்குவதே பொருள் உள்ள செயல். ‘ப்ரூட்’ என்பது லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை உள்ளது. இனிப்பு வேண்டுமென்றால் ‘தெமி செக்’ கேளுங்கள், அதில் 32 முதல் 50 கிராம் வரை இருக்கும்.

இந்தியாவுக்கு வரும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டு வரலாம், எனவே 750 மில்லிலிட்டர் புட்டிகள் இரண்டு அடங்கும். கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். துணிகளுக்கு நடுவே பொதிந்து பெட்டியில் வைத்துச் சரக்கறைக்கு அனுப்புங்கள். அங்கேயும் காற்றழுத்தம் சீராக்கப்பட்டிருப்பதால் வெடித்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். ஊருக்கு வந்ததும் நம் வெயிலில் அலமாரியில் வைத்துச் சேமிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். விற்பனைக்கு வருமுன்பே அது நிலவறையில் முதிர்ந்து முடித்த பொருள், ஆதலால் சில வாரங்களுக்குள் திறந்துவிடுவது நல்லது. திறக்கும்போது கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து தக்கையின் மேல் கட்டைவிரலை எடுக்காமல், புட்டியைச் சாய்த்துப் பிடித்து, தக்கையைத் திருகாமல் புட்டியைத் திருப்புங்கள். யாருடைய முகத்துக்கும் நேராகப் பிடிக்காதீர்கள்.